உனக்கும் பாதி இருக்கு

1

போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் உணவகத்தில் காப்பியோடு மேசைக்குத் திரும்பும்போது கோப்பை கையிலிருந்து நழுவியது. உடையவில்லை. காப்பி மட்டும் பக்கத்து மேசைக்காரரின் காலணி வரை ஓடியது. நல்ல மனிதர், பத்து வருடமாக என்னோடு அளவுச் சோதனைப் பிரிவில் இருப்பவர். "என்ன ரவி, நேற்று ஏதும் விசேஷமா? அதிகமாகக் குடித்துவிட்டாயா?" என்று ஜெர்மனில் கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு, தரை ஓடுகளின் கோட்டின்மேல் ஒரு காலின் விரலைத் தொட்டு மறுகாலின் குதிகாலை வைத்து நடந்து பார்த்தேன். நான்கு எட்டுக்குத்தான் இடம் இருந்தது. நான்கும் நேராகத்தான் விழுந்தன. நம்பாமல் திரும்பவும் நடந்தேன்.

ஒரு கோப்பை நழுவியதற்கு இவ்வளவா என்று தோன்றும். என் அப்பாவின் கையிலிருந்து முதலில் விழுந்தது ஒரு தண்ணீர்ச் சொம்பு. என் அண்ணன் கையிலிருந்து முதலில் விழுந்தது அவன் ஓட்டிய வேனின் சாவிக்கொத்து. அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து.

அயனம்பாக்கத்தில் பிறந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தொழில் கற்று, இருபத்தோரு வருடங்களுக்கு முன்பு தெற்கு ஜெர்மனியின் இந்தச் சிறிய ஊருக்கு வந்தவன் நான். இங்கத்துப் பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் முன்பு எழுதியிருக்கிறேன். இது வேறு. எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துப் பார்த்து, போடலாம் என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

2

எங்கள் தாத்தா காலம் வரை ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் நாங்கள். அப்பாதான் முதன்முதலில் எஸ்டேட்டுக்குள் போனவர். வார்ப்புப் பட்டறை. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும் வேலை. கை ஆடாதவர்களுக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள் என்பது அவருக்குப் பெருமை.

அப்பா குடிக்க மாட்டார். எங்கள் தெருவில் அது அபூர்வம். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அவருடைய நடை மாறியது. கால்களை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு வருவார். ஒரு வருடத்தில் பேச்சும் குழறியது. "இன்னா நைனா, காலைலயே ஏத்திகினியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். அப்பா இல்லை என்பார். அந்த இல்லையும் குழறும். இன்னும் சிரிப்பார்கள். பட்டறை மேஸ்திரி முகத்தருகே வந்து ஊதச் சொன்னார். வாடை இல்லை. ஆனாலும் உலைப் பக்கம் விடவில்லை. கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். பிறகு அதுவும் இல்லை.

பத்தாம் வகுப்பில் ஒரு நாள் மாலை, பள்ளி விட்டு நண்பர்களோடு வந்துகொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், சாலையோர மண்ணில் அப்பா விழுந்து கிடந்தார். எழுந்திருக்க முயன்று, கை ஊன்றிய இடம் தவறி, மறுபடி விழுந்தார். வாங்கி வந்த அரிசி பக்கத்தில் சிதறிக் கிடந்தது.

"யார்றா அது? ஃபுல்லா கீறான்" என்றான் ஒருவன்.

"தெரியல மச்சான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பதினெட்டு வயது ஆனபோது, ஒரு மதியம் சாப்பாடு புரையேறி இறந்துபோனார். விழுங்கும் தசைகளும் தடுமாறிப் போயிருந்தன என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு நெஞ்சடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். ஊரில் குடித்துச் செத்தான் என்றார்கள். மறுத்துப் பேச எங்களிடம் நோயின் பெயர்கூட இல்லை.

3

அண்ணன் சேகர் என்னைவிட நான்கு வயது மூத்தவன். ஆவடியிலிருந்து ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டினான். ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் போனில் கூப்பிட்டான். குரலில் சிரிப்பு.

"ஒரு தமாஷ் கேளுடா. கேட்ல வாய ஊத சொன்னானுங்க. ஊதனேன். ஜீரோ. திரும்பி ஊதுன்றான். ஊதனேன். அஞ்சு வாட்டி. மெஷினு ஜீரோ ஜீரோன்னு சொல்லிகினே கீது. என் காலுதான் அத நம்ப மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "டாக்டரப் பாத்தியாண்ணே?"

"எதுக்கு? அப்பாக்கு வந்ததுதான் வந்துகீது. உனுக்குத் தெரியாதா?"

அந்தத் தொழிற்சாலையில் அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை. அவனாகவே சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். வானகரம் சிக்னலில் பிரேக்கில் வைக்க வேண்டிய கால் பக்கத்தில் போயிருக்கிறது. முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. "பின்னாடி இருவது பேரு குந்திகினு வர்றாங்கடா. அவங்க என்னா பாவம் பண்ணாங்க?" என்றான். அதன் பிறகு ஒரு பெட்டிக்கடை வைத்தான். பிறகு சில்லறை எண்ணித் தர விரல் ஒத்துழைக்கவில்லை. கடையை அண்ணி பார்த்துக்கொண்டாள்.

நான் வற்புறுத்தி, நான்கு வருடம் கழித்து ஒரு பெரிய மருத்துவமனையில் நரம்பு மருத்துவரிடம் போனார்கள். ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவை அண்ணி வசந்தா படம் எடுத்து எனக்கு அனுப்பி, "இன்னா எழுதிகீது, படிச்சி சொல்லுபா" என்றாள்.

படித்தேன். பிறகு ஒரு மாதம் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரிந்தது இவ்வளவுதான். நம் உடம்பைச் செய்வதற்கான குறிப்பு, ஒவ்வொரு உயிரணுவிலும் நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஓரிடத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வரும், ஓர் அளவோடு நிற்கும். எங்கள் குடும்பத்தில் அது அளவைத் தாண்டித் திரும்புகிறது. அதனால் அந்தக் குறிப்பைப் பார்த்து உண்டாகும் புரதத்தில் ஒரு பகுதி தேவைக்கு மேல் நீண்டுவிடுகிறது. அந்தப் புரதம் ஒழுங்காக மடங்காமல் ஒன்றோடொன்று சிக்கி, சிறுமூளையின் நரம்பணுக்களுக்குள் தேங்கி, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. நடையையும் கையையும் நாக்கையும் தொண்டையையும் ஒழுங்குபடுத்துவது சிறுமூளைதான். அண்ணனுக்கு நினைவோ அறிவோ மங்கவில்லை. தன் கால் எங்கே தவறுகிறது என்று ஒவ்வொரு முறையும் அவனுக்கே தெரியும்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தகப்பன் வழியாக இறங்கும்போது அந்தத் திரும்பல் இன்னும் நீளக்கூடும். நீளம் கூடினால் நோய் இன்னும் சீக்கிரம் வரும்.

அண்ணிக்கு இதைச் சொன்னேன். அவர்களுக்கு ஒரே மகள், தாரணி. நான் விமானம் ஏறியபோது நான்கு வயது. இந்த முடிவு வந்தபோது இருபத்திரண்டு, பெங்களூரில் முதல் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"டாக்டரும் இதத்தான் சொன்னாரு. பொண்ண கூட்டிகினு வா, பேசணும்னாரு" என்றாள் அண்ணி. "நான் கூட்டிகினு போ மாட்டேன். நரம்புத் தளர்ச்சின்னு சொல்லிகீறேன், அது அப்டியே இருக்கட்டும். அவளுக்குக் கண்ணாலம் ஆவணும்பா. நீ சொல்லிடாத. உன் அண்ணன் மேல ஆண."

சரி அண்ணி என்றேன். அவளுக்காக மட்டும் சொன்னதாக எழுதினால் பொய். தாரணியிடம் சொல்லத் தொடங்கினால் என் வீட்டிலும் சொல்ல வேண்டி வரும்.

4

கோப்பை நழுவிய அன்று மாலை என் மனைவி கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பரிசோதனை பண்ணிக்கோங்க. இனியாகிட்டயும் சொல்லுங்க. எனக்காக வேண்டாம், அவளுக்காக" என்றாள்.

இனியா எங்கள் மகள். இங்கேயே பிறந்தவள். பத்தொன்பது வயது, வேறு நகரத்தில் தங்கிப் படிக்கிறாள். வாரக் கடைசியில் வந்தால் அவள் அறைக் கதவு மூடியே இருக்கும். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அடுத்த சனிக்கிழமை அவளைச் சமையலறையில் உட்காரவைத்து, தயங்கித் தயங்கிப் பெரியப்பாவின் நோயைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் பாதியில் நிறுத்தினாள்.

"பப்பா, எனக்குத் தெரியும். பதினாறு வயசுல நீங்க பெரியம்மாகூட போன்ல பேசுறது கேட்டேன். அந்தப் பேர தேடிப் பார்த்தேன்."

"மூணு வருஷமாவா? ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன்" என்றாள். அவ்வளவு சுத்தமான தமிழ் வாக்கியத்தை அவள் அதுவரை பேசியதில்லை.

மூடியிருந்த கதவுக்கு நான் கற்பித்திருந்த காரணங்கள் எல்லாம் வேறு. வயசு, இந்த ஊர், தமிழ் மறந்தது, நாங்கள் வளர்த்த விதம் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

இனியா பதினெட்டு முடிந்தவுடன் தானே சோதித்துக்கொள்ள நினைத்திருக்கிறாள். ஒன்றுதான் தடுத்திருக்கிறது. எனக்கு இல்லாமல் அவளுக்கு வராது. அவளுக்கு இருக்கிறது என்று முடிவு வந்தால், எனக்கும் இருக்கிறது என்பது நான் கேட்காமலே தெரிந்துவிடும். "தெரிஞ்சுக்க வேண்டாம்னா அது உங்க உரிமை. தெரிஞ்சுக்கணும்னா அது என் உரிமை. ரெண்டும் ஒரே வீட்ல இருக்கு" என்று ஜெர்மனில் சொன்னாள். நான் முதலில் போகிறேன் என்றேன்.

இங்கே ரத்தத்தைக் கொடுத்து முடிவை வாங்கிவிட முடியாது. முதலில் மரபியல் ஆலோசகரோடு ஒரு சந்திப்பு. அதற்கு ஏழு வாரக் காத்திருப்பு. அதற்குப் பிறகு யோசிக்க அவகாசம். எந்தக் கட்டத்திலும் 'எனக்குத் தெரிய வேண்டாம்' என்று திரும்பிவிடலாம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து. குடும்ப மரம் வரைந்தார்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவர்களுக்குக் கறுப்பு. அப்பாவுக்கு எத்தனை வயதில் ஆரம்பித்தது என்று கேட்டார்கள். அப்பாவின் பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் இருக்கும் வயது குத்துமதிப்பு. ஆலோசகர் அம்மையார் பொறுமையாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

தொழிற்சாலை ஜெர்மன் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. மருத்துவமனை ஜெர்மனில் இன்னும் ஒன்றாம் வகுப்புதான். படிவத்தில் 'எர்ப்கூட்' என்று ஒரு சொல். 'எர்ப்' என்றால் வாரிசாக வருவது, 'கூட்' என்றால் சொத்து என்று எனக்குத் தெரியும். பூர்விகச் சொத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று குழம்பி, "அப்பா எங்களுக்கு எதுவும் விட்டுப்போகவில்லை. அரை கிரவுண்டு மனை இருந்தது, அதை அண்ணன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன்" என்றேன். அம்மையார் பேனாவை மேசையில் வைத்தார். அந்தச் சொல்லுக்கு மரபணுத் தொகுதி என்று அர்த்தமாம். "நான் கேட்கும் சொத்தை எழுதிக்கொடுக்க முடியாது, ஐயா" என்றார் மெதுவாக.

ரத்தம் கொடுத்தேன். முடிவை நேரில்தான் சொல்வார்கள், ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து வாரத்துக்குள்தான் அண்ணி கூப்பிட்டாள். தாரணிக்கு வரன் முடிந்துவிட்டது. பையன் கார்த்தி, பூந்தமல்லிக்காரன், அவளுடைய அலுவலகத்திலேயே வேலை. வானகரத்தில் மண்டபம் எடுத்து நிச்சயதார்த்தம். "சித்தப்பன் இல்லாம எப்படி?" என்றாள்.

தேர்வு இல்லாத வாரம் என்பதால் இனியாவும் வருகிறேன் என்றாள். கவிதாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் மகளும் கிளம்பினோம்.

5

ஏரிக்கரை வரை அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அவற்றின் நிழலில் எங்கள் அரை கிரவுண்டு வீடு. அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்க முயன்றான். நான் ஓடிப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருடத்தில் அவன் எங்கள் அப்பாவைப் போலவே ஆகியிருந்தான். "வா...டா, ஃபா...ரின்" என்று இழுத்து இழுத்துச் சொன்னான்.

இனியா அவன் பக்கத்திலேயே இருந்தாள். தண்ணீர் குடிக்கும்போது தலையை அண்ணாக்காமல் தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்க வைத்தாள். ஜெர்மனியில் எங்கோ படித்து வந்திருக்கிறாள். அண்ணன் அன்று புரையேறாமல் ஒரு டம்ளர் காலி செய்தான். அண்ணி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை பதினொரு மணி இருக்கும். உள்ளறையில் இனியா தாரணியின் கையில் மருதாணி வரைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் நானும் அண்ணனும். அண்ணி வெற்றிலை பாக்குப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே இரண்டு பெண்களும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றது.

தாரணி வெளியே வந்தாள். இடது கையில் முழுதாக மருதாணி. வலது கை வெறுமையாக இருந்தது.

"சித்தப்பா, அப்பாவுக்கு இருக்கறதுக்குப் பேர் என்ன?"

அண்ணி முந்திக்கொண்டாள். "நரம்புத் தளர்ச்சின்னு சொல்லிகீறேன் இல்ல?"

"உன்ன கேக்கலம்மா. சித்தப்பாவக் கேக்குறேன். இனியா சொல்றா, உனக்கும் பாதி இருக்குன்னு. என்ன பாதி? எனக்கு எது பாதி இருக்கு?"

இனியா அவள் பின்னால் மருதாணிக் கூம்போடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்து, நீ சோதனை செய்துகொண்டாயா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். எதற்கு என்று தாரணி கேட்க, வாய்ப்பு என்ற சொல் தமிழில் அவளுக்கு வரவில்லை. பாதி வாய்ப்பு இருக்கிறது என்பது, உனக்கும் பாதி இருக்கு என்று வந்துவிட்டது. பாதி நோய் ஏற்கெனவே தன் உடம்பில் இருப்பதாகத் தாரணி புரிந்துகொண்டாள்.

நோயின் பெயரைச் சொன்னேன். பாதி என்பதைத் திருத்திச் சொன்னேன். திருத்திய பிறகும் அது பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு நாளா தெரியும்?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷம்" என்றாள். "ஒவ்வொரு பொறந்த நாளைக்கும் போன் பண்ணி நல்லா இருன்னு சொன்னீங்க."

நான் அவளுடைய மருதாணிக் கையையே பார்த்தேன்.

அண்ணி பையைக் கீழே போட்டாள். "இன்னாத்துக்கு இப்போ இந்தப் பேச்சு? நல்ல காரியம் நடக்கற ஊட்ல! ஃபாரின்ல குந்திகினு கீறவங்க வந்து வாய் வச்சிட்டாங்க. உன் பொண்ணுக்குப் பேச வரலன்னா கம்னு இருக்கக் கூடாதா? பொண்ண பெத்து வச்சிகினு கீறவ நானு. இது வெளிய தெரிஞ்சா இவள எவன் கட்டுவான்?"

"அவங்களுக்கும் தெரியாதா?" என்றாள் தாரணி. "கார்த்திக்குத் தெரியாதா?"

நாற்காலியிலிருந்து அண்ணன் கையை உயர்த்தினான். கை காற்றில் ஆடியது. அவன் ஒரு வாக்கியம் பேசி முடிக்க நேரமாகும். எல்லோரும் காத்திருந்தோம்.

"நா...ந்தான் சொல்லி...கீணும். எங்கப்பன ஊரே குடி...காரன்னுச்சு. எம் பொண்ணாச்சும் பேரு தெரிஞ்சி... வாழட்டும். சொல்லிடு, கண்ணு. அந்தப் புள்ளைக்கும் சொல்லிடு."

அண்ணி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தாரணி குழாயடிக்குப் போய் இடது கையைக் கழுவினாள். மருதாணிச் சிவப்பு அதற்குள் ஏறிவிட்டிருந்தது.

6

அன்று மாலையே கார்த்தியைப் பூந்தமல்லியில் ஒரு காப்பிக் கடைக்கு வரச் சொன்னாள். ஆட்டோவில் நான்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. கடையில் வேறு மேசையில் உட்காரச் சொன்னாள்.

இருபது நிமிடம் பேசியிருப்பாள். கார்த்தி நல்ல பையன். இடையில் ஒரு முறை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் என் மேசைக்கு வந்து, "சார், இதுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்டான். இப்போதைக்கு இல்லை என்றேன். அவனுடைய கண்கள் கலங்கின. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான்.

மறுநாள் காலை அவனுடைய மாமா அண்ணிக்குப் போன் செய்தார். ஜாதகத்தை இன்னோர் இடத்தில் பார்த்தார்களாம், பொருத்தம் சரியில்லையாம். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மரியாதைக்காக விட்டாரா பயத்தினால் விட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. கார்த்தி தாரணிக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பியிருந்தான். அவள் அதை எங்களுக்குக் காட்டவில்லை.

நாங்கள் கிளம்பிய அன்று அண்ணி சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. அண்ணன்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தான். விமானத்தில் இனியா ஜன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் அழுதாள்.

"நான் தப்பா சொல்லிட்டேன் பப்பா."

"ஒரு வார்த்தைதான் தப்பும்மா. அதச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் சொல்லியிருந்தா அந்த வார்த்தை உன் வாயில வந்திருக்காது."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

7

முடிவு சொல்லும் நாளில் கவிதாவும் இனியாவும் கூட வந்தார்கள். ஆலோசகர் அம்மையார் எங்களை உட்காரக்கூட விடவில்லை. "உங்களுக்கு இல்லை" என்றார். எனவே இனியாவுக்கும் இல்லை. கவிதா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு மூச்சு வந்தது. அதற்கடுத்த மூச்சில் அண்ணன் முகம் வந்தது. மூன்று வருடம் பயந்து, பேசாமல் இருந்து, கடைசியில் ஒன்றும் இல்லாமல் தப்பித்தவன் நான்தான்.

அண்ணன் வீட்டுக்குப் போன் செய்வதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அண்ணன் எடுத்தான். சொன்னேன். மறுமுனையில் ஏதோ விநோதமான சத்தம் கேட்டது. விக்குகிறானோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்...பா! ஒருத்தனாச்சும் நேரா நடங்கடா" என்றான்.

அவன் கையிலிருந்து போனை அண்ணி வாங்கினாள். மூன்று வாரமாக என்னோடு பேசாதவள். "அப்போ இனியாக்கும் இல்லன்னுதானே அர்த்தம்?"

"ஆமா அண்ணி."

"நல்லா இருக்கட்டும், கொயந்த" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

தாரணி அதற்குப் பிறகு இரண்டு மாதம் யோசித்தாள். தோழி ஒருத்தியோடு அதே நரம்பு மருத்துவரிடம் போய், ஆலோசனை கேட்டு, ரத்தம் கொடுத்தாள். முடிவு வந்த அன்று முதலில் அப்பாவிடம் சொன்னாள், பிறகு அம்மாவிடம், மூன்றாவதாக எனக்கு. அவளுக்கு இருக்கிறது. அப்பாவுக்கு இருப்பதைவிட அந்தத் திரும்பல் கொஞ்சம் நீளம்.

"இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல சித்தப்பா. நல்லாத்தான் நடக்குறேன். மருந்து வருமா? எனக்காகச் சொல்லாதீங்க, நெசத்தச் சொல்லுங்க."

படித்ததைச் சொன்னேன். அந்தத் தவறான குறிப்பிலிருந்து புரதம் உண்டாவதற்கு முன்பே, அந்தக் குறிப்பைச் சுமந்து போகும் செய்தியைத் தேடிப்பிடித்து அடக்கும் மருந்துகளைச் செய்துபார்க்கிறார்கள். முதுகுத்தண்டு நீரில் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். விலங்குகளிடம் பலன் தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் இப்போதுதான் தொடக்கநிலைச் சோதனைகள். இதைப் போன்ற வேறு நோயில், நம்பிக்கையோடு தொடங்கிய ஒரு முயற்சி பாதியில் நின்றும் போயிருக்கிறது. அவளுக்கு ஆரம்பிப்பதற்குள் வருமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. குழந்தை வேண்டும் என்று ஒரு நாள் நினைத்தால், கருவிலேயே சோதித்து இந்த நோய் இறங்காமல் தடுக்க இப்போதே வழி இருக்கிறது. இவ்வளவுதான் என்றேன்.

"சரி" என்றாள். பிறகு, "ஒரு வேலை செய்வீங்களா?" என்றாள்.

"சொல்லும்மா."

"எனக்கு ஆரம்பிச்சா எனக்கே முதல்ல தெரியாது. அப்பாவுக்கும் தெரியலையாம். அம்மா பார்த்தாலும் சொல்ல மாட்டாங்க, ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு மறைப்பாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க. வாரம் ஒரு தடவ. பொய் சொல்லக் கூடாது."

சம்மதித்தேன். இனியாவும் இதில் சேர்ந்துகொண்டாள். மருத்துவர்கள் பார்க்கும் முறையைக் கேட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

தாரணி இப்போது பெங்களூரை விட்டு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், அங்கே மாலை, மொட்டைமாடியில் போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைப்பாள். பின்னால் அடுக்குமாடிகளின் ஜன்னல்கள் தெரியும். குதிகாலும் விரலும் ஒட்ட, கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பத்து எட்டு நடப்பாள். திரும்பி வருவாள். ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டுவிட்டுத் திரையைத் தொடுவாள். நீளமான ஒரு வாக்கியத்தை வேகமாகச் சொல்லிக் காட்டுவாள். நான் கண் இமைக்காமல் பார்ப்பேன். சில வாரங்களில் அண்ணி மாடிப்படியில் நின்று, கீழே போகாமலும் மேலே வராமலும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன ஞாயிறு நடந்து முடித்துத் திரைக்கு அருகில் வந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எப்படி, சித்தப்பா?"

"நேராத்தான் நடந்தம்மா" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு நம்பினாள்.